நீக்கப்பட்ட நான்காம் இயல்

என் மனைவி எம்.ஏ. பட்டம் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சான்றிதழைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று மாமனார் வருகிறபோதெல்லாம் சொல்கிறார். ஆத்தூரிலிருந்து கண்ணாடிச் சட்டம்கூட வாங்கி வந்துவிட்டார். நான் இன்னும் ஆணி அடிக்கவில்லை. சான்றிதழ் பிளாஸ்டிக் உறையோடு பீரோவுக்குள் கிடக்கிறது. என் கோபம் அவள்மீது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மாமனாருக்குத்தான் விளங்கவில்லை. மருமகன் ஐந்தாவது படித்தவன், பெண்டாட்டி பட்டம் வாங்கியதில் வயிறு எரிகிறான் என்று நினைக்கிறாரோ என்னவோ.

நான் பேசத் தெரியாத ஆள். நான்கு பேர் கூடிய இடத்தில் யாராவது பெயரைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். தறிப்பட்டறை எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே வாய்க்கு வேலை இல்லை.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. தெருவில் எந்த வீட்டுச் சுவரில் காதை வைத்தாலும் அந்தப் பக்கம் தறி ஓடும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் கையால் பேசுவோம். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைத் தரையைப் பார்த்து அழுத்தினால் நிறுத்து. கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ வந்திருக்கிறது. எண்களை விரல் கணுக்களில் காட்டுவோம். சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரல் பட்டால் ஒன்று, அங்கிருந்து விரலுக்கு மூன்றாக மேலே ஏறி அடுத்த விரலின் அடிக்குப் போக வேண்டும். யாரைக் கிண்டல் செய்வதும், எவன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்வதும், மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்பதும் கையில்தான். கோபத்துக்கு மட்டும் கையில் ஒன்றும் கிடையாது. கோபம் வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு வாயால்தான் திட்ட வேண்டும். எங்கள் தெருவில் பகலில் ஒரு தறி திடீரென்று நின்றால் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள்.

என் மனைவி கல்யாணமாகி வந்தபோது இந்தக் கைப்பேச்சைப் பார்த்துப் பயந்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் ஊமைகளா என்று அவள் அம்மாவிடம் கேட்டதாகப் பிறகு சொன்னாள். பன்னிரண்டாவது முடித்திருந்தாள். தறியில் ஊடை நூல் சுற்றிய தார்களை மாற்றிக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினாள். பிறகு பி.எட். முடித்து, சங்ககிரி சாலையில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். அதற்குள் கைப்பேச்சில் என்னைவிடத் தேறிவிட்டாள். எனக்குக் கையிலும் கொஞ்சமாகத்தான் பேச வரும்.

கொரோனா வந்தபோது பள்ளியை மூடிவிட்டு இணையத்தில் வகுப்பு நடத்தச் சொன்னார்கள். உள்ளறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் எதிரில் அரிசி டின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் எடுத்தாள். அந்த நேரத்துக்கு எங்கள் தறிகளை நிறுத்திவிடுவேன். ஆனால் பிள்ளைகளின் வீட்டில் யார் நிறுத்துவது? ஆறாம் வகுப்பில் பாதிக்கு மேல் தறிக்காரர் பிள்ளைகள். அவர்களில் ஒரு பிள்ளை மைக்கைத் திறந்தால் போதும், மொத்த வகுப்பும் தறிச்சத்தத்தில் மூழ்கிவிடும். வசதியான வீட்டுப் பெற்றோர் புகார் செய்தார்கள். தாளாளர் ஒரு விதி போட்டார். சத்தம் வருகிற பிள்ளைகளின் மைக்கை டீச்சரே அணைத்துவிட வேண்டும். அதோடு இன்னொரு விதியும் இருந்தது. பெயர் கூப்பிடும்போது மைக்கில் பதில் சொல்லாத பிள்ளைக்கு ஆப்சென்ட்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். வாயைக் கட்டிவிட்டு, ஏன் பேசவில்லை என்று அடிப்பது. இதைப் போட்டவர் படித்தவர்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் எனக்கு மச்சான் முறை. அவருடைய மகளும் அந்த வகுப்பில் இருந்தாள். ஒருநாள் கணக்குப் பாடத்தில் கேள்வி கேட்டதும் அந்தப் பெண் போனுக்கு முன்னால் கையை உயர்த்தி, நடுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்தாள். ஏழு. சரியான விடை. என் மனைவி சிரித்துவிட்டாள். அவளும் கையாலேயே சபாஷ் சொன்னாள். மறுநாளிலிருந்து தறி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கையால் பதில் சொன்னார்கள். விளங்கவில்லை என்றால் இழை அறுந்த அடையாளம் காட்டினார்கள். மறுபடி சொல்லுங்கள் டீச்சர், அறுந்துபோச்சு. கதவோரம் நின்று நானும் பார்த்திருக்கிறேன். சின்னச் சின்னக் கட்டங்களில் கைகள் ஆடிக்கொண்டிருக்கும். அந்தச் சில வாரம் அவள் வகுப்பு முடிந்து எழுந்து வரும்போது முகம் நன்றாக இருக்கும்.

மகனோடு உட்கார்ந்து வகுப்பைப் பார்த்த ஒரு அப்பா பள்ளிக்கு எழுதினார். பிள்ளைகள் கையைக் காட்டி ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொள்கிறார்கள், டீச்சரும் அதற்கு உடந்தை என்று. தாளாளர் போனில் கூப்பிட்டார். அவள் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் மேடம் என்றார். வருடக் கடைசியில் தறி வீட்டுப் பிள்ளைகளின் அறிக்கையில் 'வகுப்பில் பங்கேற்பு இல்லை' என்று அச்சடித்து அனுப்பினார்கள். மச்சான் அந்தத் தாளை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். வாசற்படியிலேயே நின்று, "ஏனுங்க டீச்சரம்மா, எம்புள்ள தெனமும் உங்க முன்னாலதானுங்க உக்காந்திருந்துச்சு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த வருடம் அவர் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

அதன் பிறகுதான் அவள் கல்வியியலில் எம்.ஏ. படிக்கிறேன் என்றாள். தொலைநிலைப் படிப்பு. பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. முதுகலை முடித்தவர்களுக்குத்தான் தருவார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள்தான் தாளாளர் கூட்டுகிற கூட்டத்துக்குப் போவார்கள். விதிகள் அந்தக் கூட்டத்தில்தான் பிறக்கின்றன. "நான் அந்த ரூமுக்குள்ள போகணுங்க" என்றாள். சம்பளத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

படிப்பின் கடைசியில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். கிராமத்துப் பிள்ளைகளின் இணையவழிக் கல்வி என்று தலைப்பு எடுத்தாள். தமிழிலேயே எழுதலாம் என்றதால் நானும் படிக்க முடிந்தது. முதல் மூன்று இயல்கள் எனக்குச் சரியாக விளங்கவில்லை. நான்காவது இயல் விளங்கியது. அது கைப்பேச்சைப் பற்றியது. தெருத்தெருவாகப் போய் முன்பு படித்த பிள்ளைகளையும் தறிக்காரர்களையும் பார்த்து எழுதினாள். எந்தெந்த அடையாளம் வகுப்பில் எதற்குப் பயன்பட்டது என்று கைகளைப் படம் எடுத்து ஒட்டினாள். சில படங்களில் இருப்பது என் கை. அதில் அவள் எழுதிய ஒரு வரி எனக்கு மனப்பாடம். வகுப்பறையில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் ஆசிரியர் அதன் முகத்தைப் பார்ப்பார், இணையத்தில் பேசாத பிள்ளை இல்லாத பிள்ளையாகிவிடுகிறது.

வழிகாட்டிப் பேராசிரியர் சேலத்தில் சூரமங்கலம் பக்கம் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி இருவரும் போவோம். நான் கீழே டீக்கடையில் நிற்பேன். ஒருமுறை மழைக்காக மாடிக்கு ஏறிவிட்டேன். என்னைக் காட்டி, சார் என்ன செய்கிறார் என்று பேராசிரியர் அவளிடம் கேட்டார். தறி ஓட்டறாருங்க என்றாள். படிப்பு? ஐந்தாவது. அவர் என்னைப் பார்த்துப் பிரியமாகவே சிரித்தார். பிறகு அவளிடம், "பாத்தீங்களா, உங்க வீட்டையே உதாரணமா எழுதலாமே. பெற்றோரோட கல்வியறிவின்மை. அதுதாம்மா முக்கியமான தடை. நாலாவது இயல் முழுக்க நீங்க எழுதியிருக்கறது தறி ஓட்டறவங்க பழக்கம். அதுக்கு ஒரு புத்தகம் காட்ட முடியுமா? இல்லைன்னா எடுத்துடுங்க" என்றார். காட்ட முடியாது. யாரும் எழுதவில்லை. எழுதவில்லை என்றுதானே அவள் எழுதினாள்.

கீழே இறங்கியதும் அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் நான். பஸ் வரும்வரை செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான், "உதாரணம் சார், டீ குடிக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். ஆனால் கல்வியறிவின்மை என்ற சொல் அன்றைக்குச் சட்டையில் ஒட்டிய பஞ்சு மாதிரி கூடவே வந்தது. அவள் படிப்பதற்காக நிறுத்திய தறிகள் எங்கள் வீட்டுத் தறிகள். பாடம் எடுக்கும் நேரம் பிள்ளைக்குப் போனைக் கொடுத்துவிட்டு, நூல் லாரி வருகிறதா என்று தெருமுனைக்கு ஓடியவர் மச்சான். அவருக்குப் பெயர் தடை.

அவர் சொன்ன தடைகளை, கல்வியறிவின்மை, இரைச்சல் என்று மூன்றாவது இயலில் சேர்த்தாள், ஆனால் நான்காவது இயலை எடுக்கவில்லை. அப்படியே சமர்ப்பித்தாள். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளரிடம் நேரில் விளக்கிவிடலாம் என்று நம்பினாள். அந்தத் தேர்வும் இணையத்தில்தான் என்று தகவல் வந்தது.

தேர்வு நாளில் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தறிகளை நான் நிறுத்திவிடலாம். தெருவை யார் நிறுத்துவது? நான்தான் போனேன். என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு வீடு வீடாகப் போய்ப் பேசியது என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கக்கூட இல்லை. அதைக் கொடுக்க அண்ணன்தான் போனார். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் நின்று, உள்ளே இருப்பவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, கையாலேயே கேட்டேன். வாயால் கேட்டிருந்தால் பாதி வீட்டோடு திரும்பியிருப்பேன்.

மச்சான் மட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"பரிச்ச டீச்சரம்மாளுக்கு, லீவு தறிக்கா? நல்லா இருக்குது மாப்ளே. எம் பொண்டாட்டி எட்டாவது பெயிலு. அவளையும் எழுதச் சொல்றேன், தெரு ஒரு வாரத்துக்கு நிக்கட்டும்."

"ஒரு மணி நேரந்தானுங்க மச்சான்."

"போ சாமி. நல்லா எழுதச் சொல்லு. எம்புள்ள கையும் அந்தப் பொஸ்தகத்துல இருக்குதாமா?"

இருக்குதுங்க என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பத்து மணிக்குத் தெரு நின்றது. பகலில் எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. யார் வீட்டிலோ குழாயில் தண்ணீர் சொட்டியது கேட்டது. மனைவி சேலை மாற்றி, பள்ளியில் இரவல் வாங்கிய மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் யாரும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. தேர்வாளருக்கு வேறு பணி வந்துவிட்டதாம், பிற்பகல் மூன்று மணிக்கு இணைய வேண்டுமாம். மன்னிக்கவும் என்றுகூட இல்லை. தெரு முழுக்கப் பிழைப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்?

நான் போய் ஒவ்வொரு வீட்டிலும் ஓட்டச் சொன்னேன். மூன்று மணிக்கு மறுபடி கேட்கக் கிளம்பியபோது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. ஒருதரம் கேட்டதே பெருசு. ஓடட்டும்" என்றாள். எங்கள் தறிகளை மட்டும் நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்றேன்.

திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் வழிகாட்டி, இன்னொன்றில் வெளித்தேர்வாளர். அவருக்குப் பின்னால் புத்தக அலமாரி. அவள் வணக்கம் சொன்னதுமே வெளித்தேர்வாளர் முகத்தைச் சுளித்தார். என்ன மெஷின் சத்தம், மைக்கை அணையுங்கள், நாங்கள் கேட்கிறோம், நீங்கள் தட்டச்சு செய்து பதில் சொல்லுங்கள் என்றார். அவள் மைக்கை அணைத்தாள். அப்போது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தன் வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் மைக்கை அவளே அணைத்திருப்பாள்.

நான்காவது இயலுக்கு மேற்கோள் நூல் ஒன்றுகூட இல்லையே, ஏன் என்று அவர் கேட்டார். அவள் தமிழில் தட்டத் தொடங்கினாள். அவளுக்கு வேகமாக வராது. இரண்டு வரி முடிவதற்குள் வழிகாட்டி குறுக்கே வந்து, "அத எடுத்துடச் சொல்லியிருக்கேன் சார். எடுத்துடுவாங்க" என்றார். அவள் விரல் அப்படியே நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பார்வை கதவுப் பக்கம் வந்ததும், பக்கத்துச் சுவரைக் காட்டி உள்ளங்கையை அழுத்தினேன். மச்சான் தறியை நிறுத்தச் சொல்லட்டுமா? அவள் மடியிலிருந்த கையை லேசாகத் தூக்கி, வேண்டாம் என்று விரலை அசைத்தாள். நாள் முழுக்கச் செய்கிற காரியம். கேமராவைப் பற்றி இருவருக்கும் நினைப்பே வரவில்லை.

"யாரும்மா அங்க?" என்றார் வெளித்தேர்வாளர். "யாருக்குக் கை காட்டறீங்க? யாரு பதில் சொல்லிக் குடுக்கறது?"

அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அவள் மைக்கைத் திறந்து மடிக்கணினியைக் கதவுப் பக்கம் திருப்பினாள். லுங்கியும் தலையில் பஞ்சுமாக நான் நின்றேன். ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"நீங்க யாரு?"

"டீச்சரோட ஊட்டுக்காரனுங்க."

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"எனக்கு என்னங்க சார் தெரியும் சொல்லிக் குடுக்க. பக்கத்துத் தறிய நிறுத்தச் சொல்லட்டுமான்னு கேட்டனுங்க."

"இந்தச் சத்தத்துல எப்படிக் கேட்டீங்க?"

"கையில கேட்டனுங்க."

சுவருக்கு அப்பால் மச்சானின் தறி ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி மடிக்கணினியின் பக்கம் குனிந்து, சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சார், நாலாவது இயல் இதுதாங்க."

ஒரு நிமிடம் நான் நம்பினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்தக் கையை இன்னொரு தடவை காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பேசத் தெரியாத நான் அன்றைக்கு மாலைவரை பேசியிருப்பேன்.

"சரிம்மா. முதல்ல அவர வெளிய போகச் சொல்லுங்க. கதவச் சாத்திக்கங்க" என்றார்.

அவள் கதவைச் சாத்தவில்லை. நானே வெளியே வந்து சாத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. நான்காம் இயல் ஆய்வு நெறிக்கு உட்படவில்லை, நீக்கிவிட்டு மீண்டும் சமர்ப்பித்தால் பட்டம் வழங்கப்படும். கீழே இன்னொரு குறிப்பு. வாய்மொழித் தேர்வின்போது குடும்ப உறுப்பினரின் குறுக்கீடு இருந்தது. என்னைப் பற்றி அச்சில் வந்த ஒரே வரி அதுதான்.

எடுக்காதே அம்மணி என்றேன். அவளை எதிர்த்து நான் பேசுவது அபூர்வம். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எடுக்கலைன்னா இது இப்படியே இந்த வீட்டுல கிடக்கும். யார் படிப்பாங்க, நீங்களும் நானும். எடுத்துட்டா அந்த ரூமுக்குள்ள போவேன். அங்க போய் வாயால சொல்லிக்கறேன்."

"உன்ற கையெழுத்துப் போட்டு, இவங்களெல்லாம் தடைன்னு இருக்கறத மட்டும் குடுப்பியா?"

"குடுப்பேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் அசையவில்லை. அன்றைக்கே பக்கங்களை நீக்கி அனுப்பினாள். பட்டம் வந்தது. பள்ளியில் அந்த இடமும் கிடைத்தது. தெருவில் டீச்சரம்மா பெரிய டீச்சரம்மா ஆனாள். மச்சான் ஒரு பை திராட்சையோடு வந்து வாழ்த்திவிட்டு, பொஸ்தகத்தை ஒருநாள் காட்டுங்கம்மா, பாப்பாவோட கையைப் பார்க்கணும் என்றார். உள்ளே போய் அவள் ஏதோ வேலை செய்ய ஆரம்பித்துவிட்டாள். நான்தான் காட்டறேனுங்க என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் காட்டவில்லை. எதைக் காட்டுவது?

போன மாதம் விடாத மழை. பள்ளிகளுக்கு விடுமுறை. விடுமுறையில் பாடம் நின்றுவிடக் கூடாது என்று மறுபடியும் இணைய வகுப்பு வைக்கத் தாளாளர் கூட்டம் போட்டார். பழைய விதிகளையே மேசையில் வைத்தாராம். மைக்கில் பதில் இல்லையென்றால் ஆப்சென்ட். என் மனைவி அந்த அறையில் எழுந்து நின்று பேசினாள். தறி வீட்டுப் பிள்ளைகள் கேமராவில் கையால் பதில் சொன்னால் வருகை உண்டு என்று போடுங்கள், நான் நடத்திப் பார்த்திருக்கிறேன், நன்றாக நடந்தது என்று.

தாளாளர் மரியாதையாகத்தான் கேட்டாராம். "நல்ல யோசனை மேடம். பெற்றோருக்கு நான் பதில் சொல்லணுமில்ல? இது சரின்னு சொல்ற ஆராய்ச்சி ஏதாவது இருக்கா? நீங்களே இதுலதான எம்.ஏ. பண்ணீங்க. உங்க ஆய்வேட்டுல இருந்தா ஒரு பிரதி குடுங்க."

அந்த ஆய்வேட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பெற்றோரின் கல்வியறிவின்மை இருக்கிறது. வீட்டுச் சூழலின் இரைச்சல் இருக்கிறது.

விதி அப்படியே நிறைவேறியது. வீட்டுக்கு வந்து குடையை மடக்கிக்கொண்டே இதைச் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கக்கூடச் செய்தாள். மறுநாள் வகுப்பில் தறி வீட்டுப் பிள்ளைகளின் மைக்கை ஒவ்வொன்றாக அவளே அணைத்ததை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு சின்னப் பையன் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினான். அவள் பதிலுக்குக் கையைத் தூக்கினாள். திரையில் ஒரு கட்டத்தில் தாளாளரும் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். நீக்கிய பக்கங்கள் பரணில் ஒரு நூல் அட்டைப் பெட்டிக்குள் இருக்கின்றன. நாளைக்கு அவற்றை இறக்கி மச்சான் வீட்டுக்கு எடுத்துப் போவேன். அந்தப் பெண் பார்க்கட்டும், அவள் கை அதில் இருந்தது என்று. இப்போது பகல் பதினொரு மணி. எழுதுவதற்காக மோட்டாரை நிறுத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கிறார்கள்.